முன்னறைக் கடை

மீராசாஹிபு எந்த வியாபாரத்திலும் ஒரு கிழமை கூடுதலாக இருந்தவர் அல்ல. முதலில் புடவை விற்றார். புடவைக்கு மவுசு குறைவதற்கு முந்தின மாதமே உப்புக்கு மாறினார். உப்பு கட்டிபட முன் நெல்லுக்கு வந்தார். நெல்லிலும் எந்தக் கிழமை வாங்க வேண்டும், எந்தக் கிழமை வண்டியைத் திருப்ப வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். கல்முனைக்குடியில் அவரைக் கேட்காமல் கடை திறந்தவர்கள் உண்டு. கேட்காமல் மூடியவர்கள் இல்லை.

அவருடைய மூத்த மருமகன் ஸலாஹுதீன் பேராதனையில் பொருளாதாரம் படித்துப் பட்டம் பெற்றவன். அரசாங்க நியமனம் வரும் என்று மூன்று வருடம் பார்த்தான். வரவில்லை. கலியாணம் வந்தது. மாமா வீட்டின் முன்னறைக்குத் தெருப் பக்கம் ஒரு கதவு வைத்து, பன்னிரண்டு பெற்றோமெக்ஸ் லாம்பு வாங்கி அடுக்கிக் கொடுத்தார். கலியாண வீடு, கந்தூரி, கத்னா என்று வெளிச்சம் தேவைப்படும் இடத்துக்கெல்லாம் அவை வாடகைக்குப் போய் வந்தன. பட்டம் சுவரில் தொங்கியது. மூன்று வருடம் அப்படிப் போனது.

எழுபத்தெட்டாம் ஆண்டு தை மாதம் அவன் மனைவி ஸகியா பிரசவத்தில் மௌத்தானாள். பிள்ளையும் தங்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் ஸலாஹுதீன் "அல்லாஹ்ட நாட்டம்" என்று மட்டும் சொன்னான். ஏழாம் நாள் கடையைத் திறந்தான். கல்நெஞ்சன் என்று சிலர் சொன்னார்கள். படித்தவர்கள் அப்படித்தான் என்று வேறு சிலர் சொன்னார்கள்.

இந்தக் கரையில் வீடு பெண்ணுக்கு உரியது. மாப்பிள்ளை உடுத்த உடுப்போடு வந்து சேருவான். அந்தப் பெண் பிள்ளையில்லாமல் மௌத்தாகிவிட்டால் வீடு அடுத்த மகளுக்குப் போகும். மாப்பிள்ளைக்கு இரண்டு வழி உண்டு. மனைவியின் தங்கையை, மச்சியை, கலியாணம் முடிக்கலாம். இல்லையென்றால் உம்மா வீட்டுக்குத் திரும்பலாம். ஸலாஹுதீனுக்கு றாஹிலா என்று ஒரு மச்சி இருந்தாள். ஒலுவிலில் உம்மாவும் இருந்தார். அவனுக்கு இரண்டும் வேண்டாம். அந்த முன்னறையும், அதற்கு உட்பக்கமாக அவனும் ஸகியாவும் இருந்த சின்ன அறையும் போதும். ஏன் என்று கேட்டிருந்தால் அவனால் சொல்லியிருக்க முடியாது. யாரும் கேட்கவில்லை.

நோன்புப் பெருநாள் கழிந்து மாமா கடைக்குள் வந்து உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை. றாஹிலாவுக்கு வயதாகிறது, வீட்டுக்கு ஒரு முடிவு வேண்டும் என்றார். ஸலாஹுதீன், மாமா இதுவரை கேள்விப்படாத ஒரு விஷயத்தைச் சொன்னான். முன்னறையையும் சின்ன அறையையும் தனக்கு வாடகைக்குத் தரலாம்.

"வாடகை கட்டுற மருமகனா?" என்றார் மாமா. "வெளிய சொல்லிப் போடாதீங்க மகன். சிரிப்பானுகள்."

ஆனால் அவர் வியாபாரி. அந்தச் சந்தியில் ஒரு கடைக்கு என்ன வாடகை போகிறது என்று அவருக்குத் தெரியும். அதைச் சொன்னார். மாசி அறுவடைக்குள் அந்த வாடகையை மாதம் தவறாமல் கட்டும் நிலைக்குக் கடை வந்தால் பேசலாம். வராவிட்டால் மற்ற இரண்டில் ஒன்று.

பன்னிரண்டு லாம்பு அந்த வாடகையைத் தராது. ஸலாஹுதீன் முதன்முறையாகத் தன் படிப்பைப் பயன்படுத்தினான். தெருத் தெருவாக மின்கம்பம் நட்டுக்கொண்டு போகிறார்கள். புதிய அரசாங்கம் வந்து கொழும்பில் சாமான்கள் கப்பல் கப்பலாக இறங்குகின்றன. கலியாண வீட்டுக்காரர்கள் டியூப்லைட் கேட்கிறார்கள், பாட்டுப் போட லவுட்ஸ்பீக்கர் கேட்கிறார்கள். மண்ணெண்ணெய் லாம்புக்கு இனி எதிர்காலம் இல்லை. கணிப்பில் ஒரு பிழையும் இல்லை. இன்றைக்கும் யாரும் அதில் பிழை கண்டுபிடிக்க முடியாது.

லாம்புகளை மக்கீனுக்கு விற்றான். மக்கீன் அடுத்த தெருக்காரன், கலியாணம் ஆகாதவன், நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை மன்னித்து விட்டவன். வாய் ஓயாது. அவனிடம் ஏற்கெனவே எட்டு லாம்பு இருந்தது. எதற்காக வாங்குகிறாய் என்று கேட்டதற்கு, பெற்றோமெக்ஸுக்குக் காற்றடிக்கும்போது வரும் சத்தம் தனக்குப் பிடிக்கும் என்றான். காரணம் அவ்வளவுதான். லாம்பைக் கையில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று ஒரு கேள்வியும் கேட்டான்.

"கரண்ட் போனா என்ன மச்சான் செய்வீங்க?"

"கரண்ட் எங்க போகும்?" என்றான் பட்டதாரி.

லாம்பு விற்ற காசு போதாமல் கடன்பட்டான். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் டியூப்லைட்டுகள், வயர்ச் சுருள்கள், ஓர் எம்பிளிபயர், இரண்டு லவுட்ஸ்பீக்கர் எல்லாம் வந்து இறங்கின. பெருநாள் கழிந்து இரண்டு கிழமையில், கார்த்திகை இருபத்து மூன்றாம் திகதி, சூறாவளி வந்தது.

விடிந்தபோது தென்னைகள் படுத்திருந்தன. ஓடுகள் பறந்திருந்தன. நட்ட கம்பங்கள் எல்லாம் வயரோடு தெருவில் கிடந்தன. ஊரில் எரிந்த வெளிச்சம் மக்கீனுடைய இருபது லாம்பு மட்டும். ஆஸ்பத்திரி கேட்டது, பள்ளிவாசல் கேட்டது, வீடு இழந்தவர்கள் தங்கிய பள்ளிக்கூடங்கள் கேட்டன. மக்கீன் இரவும் பகலும் காற்றடித்தான்.

ஊருக்கு ஒரு தீர்க்கதரிசி தேவைப்பட்டான். முதல் வாரம் மக்கீன், தனக்கு ஒன்றும் தெரியாது, காற்றடிக்கும் சத்தம் பிடிக்கும், வாங்கினேன் என்று உண்மையைச் சொன்னான். யாரும் நம்பவில்லை. இரண்டாம் வாரம், கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் அந்த நாட்களில் காற்றில் ஒரு மணம் இருந்தது என்றான். மூன்றாம் வாரம் அவனிடம் யோசனை கேட்க ஆட்கள் வந்தார்கள். நாலாம் வாரம் மீராசாஹிபு வந்தார்.

திரும்ப வேண்டிய நேரம் அவருக்கு எப்போதும் தெரியும். மக்கீனுக்குத் தாய் தகப்பன் இல்லை. இருபது லாம்பு உண்டு. சீதனம் கேட்கவும் ஆள் இல்லை. றாஹிலாவுக்குப் பேசலாம், அறுவடை கழிந்து முடிக்கலாம் என்று கதை போனது. மாமா இதை ஸலாஹுதீனுக்கு மறைக்கவில்லை. மக்கீன் வந்தால் முன்னறை அவனுக்குத் தேவைப்படும் என்றும், ஆனாலும் மாசி வரை சொன்ன சொல் சொன்ன சொல்தான் என்றும் சொன்னார். கடையைச் சுற்றிப் பார்த்தார். டியூப்லைட்டுகள் பெட்டிக்குள் வைக்கோலோடு கிடந்தன.

"நல்ல சாமான்தான்," என்றார். "காலம்தான் கெட்டது."

அரசாங்கக் கந்தோரிலிருந்து ஸலாஹுதீனுக்கு உதவி வந்தது. நிவாரண அரிசி வந்திருக்கிறது, அறிவிக்க வழியில்லை, பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரண்ட் இல்லாமல் கிடக்கிறது. அவனுடைய எம்பிளிபயர் கார் பற்றரியிலும் வேலை செய்யும். பாண்டிருப்பு நல்லரெத்தினம் தன் உழவு மெசினைக் கொண்டு வந்தார். லவுட்ஸ்பீக்கரை மெசின் பின்னால் இழுக்கும் பெட்டியில் கட்டினார்கள். கந்தோர்க் கிளாக்கர் இரண்டு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வந்ததை வாசிக்கத் தொடங்கி, முதலாம் பக்கத்து நடுவில் தொண்டை கட்டி நிறுத்தினார். தாள் ஸலாஹுதீன் கைக்கு வந்தது. அவன் அதைப் படித்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தான்.

"அரிசி. நாளைக் காலை எட்டு மணி. பெரிய பள்ளிக்கூடம். கூப்பன் கொண்டு வரவும்."

கிளாக்கருக்கு மனவருத்தம். கௌரவ, மாண்புமிகு எல்லாம் விடுபட்டிருந்தன. ஆனால் மறுநாள் எட்டு மணிக்கு ஊர் முழுக்கக் கூப்பனோடு நின்றது. இதற்கு முன் அப்படி நடந்ததில்லை.

மறுகிழமை ஒரு மௌத்து விழுந்தது. வயதான ஆள், பிள்ளைகள் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலுமாகச் சிதறிக் கிடந்தார்கள். மகன் கடைக்கு வந்து நின்றான். ஸலாஹுதீன் தேவையான நாலு விபரத்தை மட்டும் கேட்டுக்கொண்டு மெசினில் ஏறினான். பேர், யாருடைய புருஷன், எந்தத் தெரு, எத்தனை மணிக்கு அடக்கம். இரண்டு தரம் சொன்னான். அவ்வளவுதான்.

முன்பெல்லாம் அறிவிக்கிறவர்கள் பாட்டன் பூட்டன் வரை போய், கவலையைக் கலந்து, குரலை நடுங்க விட்டு, கடைசியில் அடக்கம் எத்தனை மணிக்கு என்பதை மறந்து போவார்கள். இவனுடைய குரலில் ஒன்றும் இல்லை. சந்தையில் மீன் வந்திருக்கிறது என்பது போலச் சொன்னான். சனத்துக்கு அது பிடித்துப் போனது. துக்கத்தைத் தாங்களே பட்டுக்கொள்ளலாம், தகவல் கிடைத்தால் போதும் என்று அப்போதுதான் தெரிந்தது போல. ஸலாஹுதீன் வாயால் சொன்னால்தான் மௌத்து உறுதி என்று ஒரு பேச்சு உண்டானது. இலவசமாகச் சொல்ல ஆயத்தமாக இருந்தவர்களை விட்டுவிட்டுக் காசு கொடுத்து இவனைக் கூப்பிட்டார்கள். தை மாதம் சில தெருக்களுக்குக் கரண்ட் வந்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கி எழும்பியது. அதன் சத்தம் அடுத்த ஊருக்குப் போகாது, மெசின் போகும். வியாபாரம் குறையவில்லை.

பேராதனையில் இப்படி ஒரு தொழிலைப் பற்றி யாரும் கற்பிக்கவில்லை.

மாசி பிறந்தது. கரண்ட் எல்லா இடமும் வந்துவிட்டது. மக்கீன் இதற்கிடையில் தன் தீர்க்கதரிசனத்தைத் தானே நம்பி இன்னும் இருபது லாம்பு வாங்கியிருந்தான். அடுத்த சூறாவளியை எதிர்பார்த்துக் கொண்டிருந்தான். வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஸலாஹுதீன் மாமா சொன்ன வாடகையை, சொன்ன மாதத்தில், சொன்னபடி கொண்டுபோய்க் கொடுத்தான். மாமா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அவனை வெகுநேரம் பார்த்தார். நெல் மூட்டையைக் குத்தூசியால் குத்திப் பார்க்கிற பார்வை.

அன்று பின்னேரம் றாஹிலா உள்கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள். வழக்கமாகத் தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போய்விடுவாள். இன்று போகவில்லை.

"மச்சான், நாளைக்கு வாப்பா உங்களோட கதைக்க வருவார்."

"ம்."

"மக்கீன்ட கதையை விட்டுப் போட்டு மறுகா உங்கட பக்கம் கிறுகப் பாக்கார். நீங்க ஏலா எண்டு சொல்லுவீங்க, எனக்குத் தெரியும். ஆனா நீங்க இஞ்ச இருக்கும் வரைக்கும் அவர் கேட்டுக்கிட்டே இருப்பார். மக்கீனை இழுத்துக்கிட்டே போவார்."

அவன் எம்பிளிபயரைத் துடைப்பதை நிறுத்தினான்.

"உனக்கு மக்கீன்தான் வேணுமா?" என்று கேட்டான். அவளிடம் அவன் கேட்ட முதல் கேள்வி அது.

"நாப்பது லாம்பையும் வெச்சிக்கிட்டு மழை வரல்ல எண்டு வானத்துக்கு ஏசுறார். விசர்தான். ஆனா கதைக்கிறார், மச்சான். நீங்க நல்லவர். உங்களோட இருந்தா நான் சுவரோட கதைக்கணும்." தேத்தண்ணியை அவன் பக்கம் தள்ளிவைத்தாள். "அதோட, நான் ஸகியா ராத்தாட கட்டில்ல படுக்க மாட்டன்."

அவன் அறையைப் பார்த்தான். இந்த நான்கு சுவருக்காகத்தான் லாம்பு விற்றது, கடன்பட்டது, ஊரார் மௌத்தையெல்லாம் ஊருக்குச் சொன்னது. இப்போதுதான் கைக்கு வந்திருந்தது. சரியாகச் சொன்னால், இன்று காலைதான்.

"விளங்கிச்சி," என்றான்.

மறுநாள் மாமா வந்தார். மக்கீன் விஷயம் இன்னும் முடிவாகவில்லை, வாய்ப்பேச்சுத்தான், நல்ல மனிதன் எந்த நேரமும் யோசனையை மாற்றலாம் என்று நெடுகக் கொண்டுபோனார். வாடகையைத் திருப்பித் தரவும் ஆயத்தம் என்றார். மருமகனிடம் வாடகை வாங்குவது நன்றாக இருக்காது. ஸலாஹுதீன் கேட்டு முடித்தான்.

"மாமா, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில ஒரு அறை பாத்திட்டன். வெள்ளிக்கிழமை போறன்."

மீராசாஹிபு மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். சந்திக் கடை, ஓடுகிற வியாபாரம், கேட்ட விலைக்குக் கிடைத்த இடம். இந்த நேரத்தில் விட்டுப் போகிறவன் உலகத்தில் உண்டா?

"என்னத்துக்கு மகன் படிச்ச?" என்றார். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்.

வெள்ளிக்கிழமை நல்லரெத்தினத்தின் மெசின் வந்தது. மக்கீனும் வந்து, வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் டியூப்லைட் பெட்டிகளைத் தோளில் தூக்கி ஏற்றினான். கரண்டை நம்பாதீங்க மச்சான் என்று புத்தி சொன்னான். கட்டில், அலுமாரி, பாய் எல்லாம் ஸகியாவின் சீதனம், அவை வீட்டுக்கு. ஸலாஹுதீனின் சொந்தச் சாமான்கள் ஒரு பெட்டிக்குள் அடங்கின.

அவன் வேலி வாசலின் கடப்பைத் தாண்டும்போது மாமி முக்காட்டை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தார். இந்த ஒரு வருடத்தில் அவரும் அவனும் கதைத்தது குறைவு.

"மகன், ஒண்டு கேக்கணும்."

"சொல்லுங்க மாமி."

"நான் மௌத்தானா நீங்கதான் ஊருக்குச் சொல்லணும். வேறொருத்தரும் வேணாம்."

அவன் தலையசைத்தான். பிறகு பழக்கதோஷத்தில், கடைக்கு வருகிற எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டான். யாருடைய என்ன என்று சொல்ல வேண்டும்? மீராசாஹிபின் மனைவி என்றா?

"இல்ல," என்றார் மாமி. "ஸகியாட உம்மா எண்டு சொல்லுங்க."

நல்லரெத்தினம் மெசினை முடுக்கிவிட்டு, போவமா தம்பி என்று கேட்டார். ஸலாஹுதீன் பதில் சொல்லாமல் ஏறி உட்கார்ந்தான். வாயைத் திறந்தால் இந்த முறை சுருக்கமாக முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது.