எல்லைக்கு அப்பால் எழுபதடி

ஆறு வருஷம் கோர்ட்டுக்கு நடந்து செல்வகுமாரி ஜெயித்தாள். ஜெயித்து என்ன புண்ணியம்? அவள் கரும்பு வண்டி போகவேண்டிய பாதையில் முக்கால்வாசி புதுச்சேரியைச் சேர்ந்த மடுகரையில் இருக்கிறது. ரோட்டைத் தொடும் கடைசி எழுபதடி, எல்லை தாண்டி விழுப்புரம் மாவட்டத்தில் கிடக்கிறது. அவளுடைய சின்ன மாமனார் சுப்பராயலு, தீர்ப்புக்குப் பயந்த நல்ல பிள்ளையாய்ப் புதுச்சேரிப் பக்கத்து முள்வேலியைப் பிரித்தெடுத்து, அதே முள்ளை அந்த எழுபதடியில் அடித்துவிட்டார். புதுச்சேரி கோர்ட் உத்தரவு அங்கே செல்லாது. விழுப்புரத்தில் புதிதாய்க் கேஸ் போடலாம் என்றார் வக்கீல், சிரிக்காமல். அங்கே எல்லை ஓடுவது ஊரில் மாடு மேய்க்கிறவனுக்குக்கூடத் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததாலேயே ஒருவரும் வக்கீலிடம் சொல்லவில்லை.

இன்னொரு ஆறு வருஷமா? ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்தாயிற்று. இந்த ஆறு வருஷம்போல் ஆள் வைத்து வரப்பு வழியே தலைச்சுமையாய்த் தூக்கி இனி மாளாது; வெட்டிய கரும்பு வயலிலேயே காய்ந்தால் ஒரு வருஷப் பாடும் போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு சமரச மையத்தில் மனு கொடுத்தாள்.

பேசித் தீர்க்க வந்த ரோஸ்லின், இருவரையும் செல்வகுமாரியின் மோட்டார் கொட்டகையில் உட்காரவைத்தார். வெளியே ஆட்கள் கரும்பை வெட்டிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மனமொத்துக் கையெழுத்துப் போட்டால் எந்த மாவட்டமாக இருந்தாலும் பாதை பாதைதான் என்றார் அவர்.

சுப்பராயலு வாயைத் திறந்தார். திறந்ததும் பழசெல்லாம் கொட்டியது. வாய்க்கால் சண்டைக் கோபத்தில் போட்ட வேலியாம். பத்து நாளில் தானே பிரித்திருப்பாராம். அதற்குள், மகள் நிச்சயதார்த்தத்தன்று, சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருக்கும்போது கோர்ட் அமீனா சம்மனோடு வந்து நின்றானாம்.

“எல்லார் எதுர்லயும் என் மானத்த வாங்கிட்டா. அதுக்கு மன்னிப்பு கேக்கட்டும். பாதைய எழுதிக் குடுத்துடறேன்.”

செல்வகுமாரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அமீனா வரும் நாளை அவளா குறித்தாள்? இதற்காகவா ஆறு வருஷக் கரும்பையும் தலையில் சுமக்கவிட்டார் இந்த மனுஷன்? ஒரு வார்த்தைதானேம்மா, விட்டுக்கொடுங்கள் என்று ரோஸ்லின் சொன்னதும் எரிச்சல் இரட்டிப்பானது. விட்டுக்கொடுப்பதற்கென்றே பிறந்த ஜென்மமா அவள்? ஆனாலும், அன்றைக்கு அந்தச் சேதி கேட்டு அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது பொய்யில்லை.

“அன்னிக்கு சந்தோஷப்பட்டேன் மாமா. அது தப்புதான், மன்னிச்சிக்குங்க. இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். ஒரே ஒரு கட்டு. வரப்பு மேலயே ரோட்டுக்குத் தூக்கினு போய்ப் போடுங்க. அப்பறம் கையெழுத்து.”

ரோஸ்லின் தடுக்கப் பார்த்தார். வெட்டுக்காரர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பியிருந்தார்கள். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, முடியாதென்று சொல்லச் சுப்பராயலுவுக்கு வாய் வரவில்லை. ஒரு கட்டுதானே என்று துண்டைச் சும்மாடாகச் சுருட்டினார்.

வரப்பு ஒரு சாண் அகலம். இரண்டு பக்கமும் நெல் நட்ட வயல். கரும்புக் கட்டில் ஒட்டியிருந்த காய்ந்த சோகை இலை அவர் கழுத்தை அறுத்தது. பாதி தூரத்தில் கால் வழுக்கிக் கட்டோடு சேற்றில் இறங்கிவிட்டார். கழுத்தைத் துடைத்த கையில் ரத்தத்தைப் பார்த்தபடி நின்றார்.

“இதையாம்மா ஆறு வருஷம்...”

இரக்கம் வருகிறதா என்று பார்த்தாள் செல்வகுமாரி. வரவில்லை.

“இன்னும் பாதி கீது மாமா. தூக்குங்க.”