கும்போவின் சாவுக்கேலி

கும்போ என்னை முதன்முதலாக நாய்த்தின்னி என்று கூப்பிட்டது, நான் கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள். சந்தையில், ஊரே பார்க்க. நான் விடுவேனா? "மாட்டுக்குப் பொறந்தவளே, உன் புருஷன் உன்னக் கொஞ்சுறதே இல்லையாம், பசுவத்தான் கொஞ்சுறானாம், நெசமா?" என்று கேட்டேன். சந்தை சிரித்தது. அவள் சுரைக்குடுவையிலிருந்து ஓர் அகப்பைப் பாலை என் உள்ளங்கையில் ஊற்றி, "குடி, என் அடிமையே" என்றாள். அன்றிலிருந்து முப்பத்தோரு வருஷம் நாங்கள் ஒருநாள்கூட மரியாதையாகப் பேசிக்கொண்டதில்லை.

பயிர் வைக்கிற எங்கள் போபோ சனத்துக்கும், கும்போவின் சனமான மாடு மேய்க்கிற ஃபுலானிகளுக்கும் அப்படி ஒரு முறை. மாமன் மச்சான் கேலியைவிட ஒரு படி மேல். என்ன திட்டினாலும் கோபப்படக் கூடாது. ஒருவர் ரத்தத்தை மற்றவர் சிந்தவே கூடாது, சிந்தினால் வம்சம் அற்றுப்போகும். சாவு வீட்டில்தான் இந்த முறைக்கு முழு அதிகாரம். செத்தவரின் துணியை மாட்டிக்கொண்டு முறைக்காரர் வருவார். அவரைப் போலவே நடப்பார், இருமுவார், பெண்டாட்டியைத் திட்டுவார். அழுகிறவர்கள் சிரித்தாக வேண்டும். பிள்ளைகள் கேள்வி கேட்டால், செத்தவராகவே நின்று பதில் சொல்வார். ஒரே ஒரு கட்டுப்பாடுதான், செத்தவர் வாயில் பொய்யை வைக்கக் கூடாது. அந்தச் சிரிப்புக் கிடைக்காத உயிர் ஊரைவிட்டுப் போகாது. இதை மூடநம்பிக்கை என்று சொல்கிறவர்கள் என் வீட்டில் ஒரு வாரம் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

நான் தெனே. சிவப்புச் சோளத்தில் கள் காய்ச்சி விற்றவள். என் புருஷன் ஜெசூமா பருத்தி போட்டார். எங்கள் ஊர் கெட்டுப்போன கதையைச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை, ஆனால் அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. மாடுகள் ஆற்றுக்குப் போகிற பாதையை மேயர் நகரத்துப் பணக்காரர்களுக்கு விற்றார். மிச்சமிருந்த ஓரத்தில் நாங்களும் பருத்தி ஊன்றினோம். அவங்க மட்டும்தான் திங்கணுமா என்று ஜெசூமா கேட்டார், நானும் தலையாட்டினேன். மாடு இனி எந்த வழியாகத் தண்ணீருக்குப் போகும் என்று நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை. மாடு பருத்தியில் இறங்கினால் போலீஸ்காரன் காசு பிடுங்கினான். காட்டுப் பக்கம் ஒதுங்கினால் வனக்காவலன் பிடுங்கினான்.

கும்போவின் நாலாவது மகன் யேரோ கொஞ்சம் படித்தவன். மாட்டுப் பாதையைத் திருப்பிக் கேட்டு மனு எழுதி எடுத்துக்கொண்டு வட்ட அதிகாரியிடம் போனான். மனுவை வாங்குவதற்கே ஒரு காளை வேண்டும் என்றார் அதிகாரி. பையன் வாசலில் நின்று சத்தம் போட்டான். கொடிக்கம்பத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். அடுத்த மழைக்கு அவன் ஊரில் இல்லை, மதத்தின் பேரில் துப்பாக்கி தூக்கிக் காட்டில் பதுங்கியிருந்த காட்டுக்காரர்களோடு மோட்டார்சைக்கிளில் பார்த்ததாகச் சொன்னார்கள். அந்தக் காட்டுக்காரர்கள் மேய்ச்சலுக்கு வரி கிடையாது என்றார்கள். பத்து வருஷம் இழுத்த வழக்கை ஒரே மத்தியானத்தில் தீர்த்துவைத்தார்கள். சனங்களுக்குப் பிடித்துத்தான் இருந்தது. பிறகு அதே கையால் வாத்தியாரைச் சுட்டார்கள். அதிகாரி அன்றைக்கே ஓடிப்போனார். போகும்போது அலுவலக நாற்காலியைக்கூட விட்டுவைக்கவில்லை.

அதற்கப்புறம் அரசாங்கம் என்று எங்களுக்கு வந்து சேர்ந்தது இருபது துப்பாக்கிகள் மட்டும்தான். ஊர் ஆண்கள் கையில் அதைக் கொடுத்துத் தொண்டர்படை என்று பெயர் வைத்தார்கள். தலைவன் ஜெசூமாவின் தம்பி பெமா. நான் கல்யாணமாகி வந்தபோது மூக்கொழுகிக்கொண்டிருந்தவன், துப்பாக்கி வந்ததும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே மாட்டேன் என்றான். ஃபுலானிகள் ஆற்றுக்கு அப்பால் ஒதுங்கிப்போனார்கள். கும்போ சந்தைக்கு வருவதும் நின்றது.

ஜெசூமா சோளத்தை மாவரைக்கக் கழுதை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோது, பாதையில் புதைத்திருந்த வெடியில் வண்டி ஏறிவிட்டது. அவரைப் பாயில் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள். நான் அழுதேன், அழுது முடித்ததும் கும்போவுக்குச் சொல்லி அனுப்பணும் என்றேன். அவள் வந்து கேலி செய்யாமல் சடலத்தை எடுக்க விடமாட்டேன் என்றேன். கூடியிருந்த ஆண்கள் முறைத்தார்கள். புதைத்தது யார் வெடி, அவள் பெற்றது யாரை என்று ஒருவன் கேட்டான். பெமா மட்டும் நிதானமாக இருந்தான்.

"கூப்பிடுங்க அண்ணி. முறை முறைதான். நம்ம ஆளுங்க ஒருத்தன் கையும் அவங்க மேல படாது. நான் பொறுப்பு."

அந்த வாரம் பெமா வீட்டில் வடக்கிலிருந்து மூன்று பேர் வந்து தங்கியிருந்தார்கள். காட்டுக்காரர்கள் அவர்கள் ஊரையே எரித்துவிட்டார்களாம், வீட்டில் ஒரு சீவன் மிஞ்சவில்லையாம். இரண்டு நாள் என்னிடம்தான் கள் குடித்தார்கள். நான் என்ன வேடிக்கை பேசினாலும் அவர்கள் முகம் அசையவில்லை. அவர்கள் போபோக்கள் இல்லை, ஃபுலானிகளோடு அவர்களுக்கு எந்த முறையும் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் பெமா 'நம்ம ஆளுங்க' என்று சொன்னபோது, அந்தச் சொல்லை நான் எடைபோடவில்லை. இரு கரைக்கும் போய்வருகிற உப்பு வியாபாரியிடம் சேதி சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் காலையில் கும்போ தனியாக ஆற்றைக் கடந்து வந்தாள். இளைத்துப்போயிருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நேராக உள்ளே போய் ஜெசூமாவின் காற்சட்டையை மாட்டி, அவர் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு, இடதுகாலை இழுத்து இழுத்து வெளியே வந்தாள். அப்படியே அவர்தான். "முப்பது வருஷமா சொல்றேன், இந்தக் குழம்புல உப்பு இல்ல. செத்தப்புறமாவது போடுவியா?" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். எனக்குச் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. பெண்கள் தரையில் விழுந்து சிரித்தார்கள். பெமா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஜெசூமா நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார்.

செத்தவரின் துணி கேலி செய்தவருக்குத்தான் சொந்தம். அந்தக் காற்சட்டையோடுதான் அவள் உச்சிவெயிலில் கிளம்பினாள். ஊர் எல்லை வரைக்கும் திட்டிக்கொண்டே போனோம். நான் வீட்டு முற்றத்துக்குத் திரும்பியபோது மூன்று வெடிச் சத்தம் கேட்டது.

பெமா என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"நம்ம கை இல்ல அண்ணி. சுட்ட அந்த மூணு பேருக்கும் அவ முறை இல்ல. பாவம் எங்கேயும் ஒட்டாது. நல்லா யோசிச்சுத்தான் செஞ்சேன்."

நல்லாத்தான் யோசித்திருந்தான். நானும் நாலு பெண்களுமாக அவளைப் புதைத்தோம். அவளுக்குக் கேலி செய்ய வேண்டியவள் நான்தான், வேறு ஆள் இல்லை. ஒரு ஃபுலானிப் பிணத்துக்காக நான் ஆடினால் தொண்டர்படை என்ன செய்யுமோ என்று பயந்தேன். வாயை மூடிக்கொண்டு மண்ணைத் தள்ளினேன்.

அவள் போகவில்லை. கள் கொதிக்கும்போது பானையிலிருந்து பால் வாசனை வந்தது, குடிக்க வந்தவர்கள் முகம் சுளித்துக் கீழே வைத்தார்கள். நான் பெருக்கும்போது யாரோ இடதுகாலை இழுத்துக்கொண்டு பின்னால் நடந்தார்கள். திரும்பினால் ஒன்றுமில்லை. அது ஜெசூமாவின் நடையா, ஜெசூமாவைப் போல நடந்த கும்போவா? அவர்தான் தன் சிரிப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டாரே. ஒருநாள் களி கிளறிக்கொண்டிருக்கும்போது, "நாய்த்தின்னி, அடிப்பிடிக்குது பாரு" என்று கேட்டது. என் வாய்தான் அசைந்தது.

பதினெட்டாம் நாள் காலை, சந்தை கூடுகிற நேரத்தில் மோட்டார்சைக்கிள்கள் வந்தன. நாற்பது பேர் இருக்கும். தொண்டர்படை நாலு குண்டு சுட்டுவிட்டுச் சிதறியது. வடக்கத்தியர் மூவரும் சந்தை நடுவிலேயே செத்தார்கள். பெமா என் முற்றத்துக்கு ஓடிவந்து, கண்ணாலேயே கெஞ்சிவிட்டு, மண்குதிருக்குள் இறங்கி மூடியை இழுத்துக்கொண்டான்.

பின்னாலேயே தலைப்பாகையால் முகத்தை மூடிய ஒருவன் வந்தான். என் கள்ளுப் பானைகளை ஒவ்வொன்றாக உதைத்து உடைத்தான். கூட வந்தவர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு வேலிக் கதவைச் சாத்தினான். முகத்துணியை இறக்கினான். யேரோ.

"அத்தை, எங்கம்மாவுக்கு யாரும் கேலி பண்ணலையாமே."

இல்லை என்றேன்.

"நீங்க பண்ணுங்க. மெதுவா. இந்த வழக்கமெல்லாம் ஆகாதுன்னு ஊர் ஊரா சொல்லிட்டு வர்றவங்க நாங்க. வெளிய கேட்டுச்சுன்னா எனக்குச் சவுக்கடி."

துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். ஆறு வயதுப் பிள்ளை மாதிரி உட்கார்ந்தான். நான் முக்காட்டை அவள் போடுகிற மாதிரிப் போட்டு, உடைந்த பானையின் அடிப்பாகத்தைத் தலையில் பால்குடுவையாக வைத்துக்கொண்டு, இடுப்பை ஒடித்து இரண்டடி நடந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. மீதி தானாக வந்தது. "நாலாவதாப் பொறந்த தண்டம், தலையில என்னடா மூட்டை? பேன் பாக்க அம்மா இல்லேன்னு கட்டிக்கிட்டியா?" என்றது அவள் குரல். அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். தோள் குலுங்கிற்று. சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"அம்மா, உன்னக் கொன்னது யாரு?"

பத்தடி தூரத்தில் குதிருக்குள் பெமா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் தயங்கவே இல்லை. பதினெட்டு நாளாக அந்தப் பெயரை மென்றுகொண்டிருந்தவள் நான். அவனைக் கொழுந்தன் என்றும் பார்க்கவில்லை, ஊர் என்ன ஆகும் என்றும் பார்க்கவில்லை. பெமா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"கூப்பிட்டவதான்," என்றது கும்போவின் குரல். "சிரிக்காத மூணு பேருக்கு ரெண்டு நாள் கள் ஊத்தினவ. அவனுங்க யாருன்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கூப்பிட்டா. புருஷன் நல்லபடியாப் போகணுமில்ல."

அந்த மூவரைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. அவர்கள் என்னிடம் கள் குடித்ததைக் கும்போ பார்த்ததே இல்லை. தலையிலிருந்த பானை ஓடு கீழே விழுந்தது. என் வாயை மூட முயன்றேன், அது என் பேச்சைக் கேட்கவில்லை. தெனேதான், தெனேதான் என்று இன்னும் இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் அடங்கியது.

யேரோ துப்பாக்கியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"எங்கம்மா பொய் சொல்ல மாட்டா," என்றான். "நீங்க எனக்கு முறை, என் கை உங்க மேல படாது. வெளிய நிக்கறவங்க வேற நாட்டுக்காரங்க அத்தை. அவங்களுக்கு நீங்க யாரும் இல்ல."

"கூப்பிடு," என்றேன். அது என் குரல்தான்.

கதவில் கை வைத்துக்கொண்டு நின்றான். பெமா போட்ட அதே கணக்கு, அவனுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அவன் கூப்பிடவில்லை. முகத்துணியை ஏற்றிக் கட்டினான். நாளைக்கு உச்சிவெயிலுக்குள் ஊர் காலியாக இருக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

இப்போது போபோ-ஜுலாசோ நகரத்து ஓரத்தில், ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் இருக்கிறோம். ஓர் அறைக்கு ஆறு குடும்பம், நடுவில் துணித் திரை. திரைக்கு அந்தப் பக்கம் பெமா. கொழுந்தனைக் காப்பாற்ற அண்ணி கொலைப்பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டதை, அவன் குதிருக்குள்ளிருந்து கேட்டபடியே எல்லோருக்கும் சொல்கிறான். ஒவ்வொரு தடவையும் அழுகிறான். குழாயடியில் பெண்கள் எனக்கு முதலில் இடம் விடுகிறார்கள். யாராவது சாகக் கிடந்தால் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்கிறார்கள். மகன் சிரித்தானே, அதனால் கும்போ போயிருக்க வேண்டும். போகவில்லை. நான் பேச வாயைத் திறக்கும்போதெல்லாம், வரப்போவது யார் என்று தெரியாமல் பயப்படுகிறேன்.

நேற்று பெமாவிடம் சொல்லியே விட்டேன். "உன் பேரச் சொல்லத்தாண்டா வாயத் தொறந்தேன். உன்னச் சாகடிக்கத்தான்."

அவன் சிரித்தான். "இவ்வளவு நடந்தும் அண்ணிக்கு அந்தக் கேலி போகல பாருங்க," என்று திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களிடம் சொன்னான். அவர்களும் சிரித்தார்கள்.