வெளிப்பக்கம் ஓடியவர்

உசுகிக்கு ஐம்பத்தொரு வயது. ஆறு வருடமாக ஒரு கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார். பெரிய கயிறு இல்லை, ஒரு முழம்கூட வராது. இரண்டு முனையிலும் வளையம் உண்டு. ஒன்றில் அவருடைய இடது கை விரல்கள், மற்றதில் தமாயோவின் வலது கை விரல்கள். தமாயோவுக்குப் பத்தொன்பது வயதில் பார்வை போனது. இப்போது முப்பத்துநாலு. ஒகயாமா ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சிகிச்சைக் கூடத்தில் அக்குபங்சர் ஊசி குத்தி, உடம்பு பிடித்துவிட்டுப் பிழைக்கிறாள். ஓடுவது அவளாக விரும்பித் தேடிக்கொண்டது.

வழித்துணையாக ஓடுகிறவனுக்கு விதிகள் ஏராளம். இழுக்கக் கூடாது. தள்ளக் கூடாது. கயிற்றை விடக் கூடாது. எல்லைக்கோட்டை அவள் மார்பு தொட்ட பிறகுதான் இவர் மார்பு தொடலாம், முந்திவிட்டால் ஓட்டமே செல்லாது. உள்பக்கம் அவளுக்கு, வெளிப்பக்கம் இவருக்கு. அதனால் வட்டத்துக்கு வட்டம் இவர் அவளைவிடச் சில மீட்டர் கூடுதலாகவே ஓடியாக வேண்டும். அந்தக் கூடுதல் எந்தக் கணக்கிலும் ஏறாது. உசுகி இதற்கெல்லாம் முகம் சுளித்ததே இல்லை. கல்யாணமாகி இருபத்தைந்து வருடமாக மனைவிக்கு அரை அடி பின்னால் நடந்து பழகிய மனிதர்.

ஐயாயிரம் மீட்டரை இருபது நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அடுத்த வருட தேசிய அணிக்கு அதுதான் வாசல். நவம்பரில் நடக்கும் பதிவுப் போட்டியோடு அந்த வாசல் மூடிவிடும். அந்தப் போட்டியில் முதலாவதாக வந்தாலும் கடைசியாக வந்தாலும் ஒன்றுதான், கடிகாரம் காட்டும் நேரம் மட்டுமே பேசும். வசந்தத்திலிருந்து மூன்று முறை முயன்றுவிட்டார்கள். மூன்று முறையும் இருபதைத் தாண்டிப் பத்துப் பதினைந்து வினாடியில் வந்து நின்றது. தமாயோ சோர்ந்துவிட்டாள் போல என்று உசுகி நினைத்தார். பாவம், நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. ஆகவே மூவாயிரம் மீட்டருக்கு மேல் அவள் கை தளர்வதாகத் தோன்றியபோதெல்லாம் தானும் வேகத்தை ஒரு பிடி குறைத்துக்கொண்டார். அவள் மனம் விட்டுவிடக் கூடாதே என்று, வட்டம் முடிந்து நேரம் சொல்லும்போது கொஞ்சம் கருணையும் கலந்தார். இருபதில் முடிக்க வட்டத்துக்குத் தொண்ணூற்றாறு வினாடி. தொண்ணூற்றெட்டைத் தொண்ணூற்றாறு என்று சொன்னால் யார் குடி முழுகிவிடப் போகிறது?

அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அசாஹி ஆற்றங்கரையில் பயிற்சி. ஆயிரம் மீட்டர் ஓடுவது, சற்று நடப்பது, மறுபடி ஆயிரம் என்று ஐந்து தடவை. கடைசித் தடவை முடிந்ததும் உசுகி முட்டியில் கையூன்றிக் குனிந்து நின்றார். வாயைத் திறந்தால் மூச்சுதான் வந்தது, பேச்சு வரவில்லை. பக்கத்தில் தமாயோ குடுவையிலிருந்து பார்லி டீயை ஊற்றிக்கொண்டே பேசினாள்.

"நேத்து ஒரு ஆள் வந்தார், லாரி ஓட்டறவர். முதுகு பாறாங்கல்லு மாதிரி. கட்டை விரலே உள்ள போகல. 'வலிக்குதா'ன்னு கேட்டா பதிலே இல்ல. பாத்தா குறட்டை விட்டுத் தூங்கறார். எழுப்பிக் காசு வாங்கறதுக்குள்ள அடுத்த ஆள் வந்தாச்சு."

இத்தனையையும் ஒரே மூச்சில் சொன்னாள். நடுவில் ஒரு இடத்திலும் திணறவில்லை. உசுகி குனிந்தபடியே அதைக் கேட்டார். அவருக்கு உள்ளே ஏதோ சுருக்கென்றது.

"தமாயோ, உனக்கு மூச்சே வாங்கலியே."

"வாங்குதே."

"பொய் சொல்லாத."

அவள் டீயைக் குடித்தாள்.

"எப்பலேருந்து வேகத்தக் குறைச்சு ஓடற?" என்றார்.

"ஏப்ரல்லேருந்து."

"எதுக்கு?"

"உங்க மூச்சு ரெண்டாயிரம் தாண்டினா மாறுதுங்க. அப்பறம் கயிறு. முன்னெல்லாம் உங்க கை வீச்சு கடிகாரம் மாதிரி வரும். இப்ப மூவாயிரத்துக்கு மேல ஒரு இழை லேட்டா வருது. நான் வேகமெடுத்தா நீங்க கயிற விட வேண்டி வரும். எத்தனை பேருக்கு முன்னால? அதான் நானே கொஞ்சம்..."

"நீ களைச்சுப் போயிட்டன்னுல்ல நான் குறைச்சேன்."

"தெரியும். நீங்க குறைச்சதும், ரொம்ப முடியல போலிருக்குன்னு நான் இன்னும் குறைச்சேன்."

இருவரும் மரியாதை பார்த்துப் பார்த்தே அரை வருடத்தை ஆற்றில் விட்டிருந்தார்கள். வாசலில் நின்றுகொண்டு நீங்க முதல்ல, இல்ல நீங்க முதல்ல என்று குனிந்துகொண்டே ரயிலைத் தவறவிடுகிற ஜனங்கள்தான் அந்த ஊரில். ஆனால் ஓட்டப் பாதையிலும் அதைச் செய்வார்கள் என்று யார் கண்டது?

"நான் சொன்ன நேரத்த நம்பித்தான ஓடின?" என்றார் உசுகி. குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.

"நீங்க தொண்ணூத்தாறுன்னு சொன்னா அது தொண்ணூத்தெட்டுன்னு எனக்குத் தெரியும். என் காலு எனக்குத் தெரியாதா?"

உசுகியின் முகத்தில் ஈயாடவில்லை. அவமானமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது, ஆனால் யார் மேல் என்று அவருக்கே விளங்கவில்லை. பேருந்து நிறுத்தம் வரை வழக்கம்போல அவள் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வழக்கம்போல அவர் படிகளையும் சைக்கிள்களையும் சொல்லிக்கொண்டே வந்தார்.

பேருந்து வருவதற்கு முன்னால் சொன்னார்: "ஹிநோவக் கேக்கறேன். ஐயாயிரத்துக்கு ரெண்டு துணை வச்சுக்கலாம். நடுவுல ஒரு தடவை மாத்தலாம்."

ஹிநோ அவர்களுடைய ஓட்டச் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ். முப்பது வயதுகூட ஆகவில்லை. காற்று மாதிரி ஓடுவாள்.

"வேணாம்," என்றாள் தமாயோ. "உங்களோட ஓடி இருபது வரலன்னா வரல. விட்டுடுவோம்."

"உனக்கு விட முடியும்னா இருட்டோட கிளம்பி ஆத்தங்கரைக்கு எதுக்கு வர?"

"நீங்களும்தான் வரீங்க."

அவருக்கும் ஆசை இருந்தது. அணியில் சேர்ந்த பிறகு வரும் பெரிய போட்டிகளில் துணையோட்டக்காரனுக்கும் பதக்கம் தருவார்கள், ஆனால் தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே ஆளாக ஓடினால்தான். பாதியில் கைமாற்றினால் கிடையாது. மனிதர் வீட்டில் தொலைக்காட்சிக்கு மேலே ஆணி அடிக்க இடம்கூடப் பார்த்து வைத்திருந்தார். மனைவி கேட்டதற்கு நாட்காட்டி மாட்டுவதற்கு என்று மழுப்பியிருந்தார். அன்று இரவு அந்த வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். மீன் ஆறிப்போயிற்று. சாப்பிட்டு முடித்ததும் ஹிநோவுக்குத் தொலைபேசி செய்தார்.

அதன் பிறகு ஞாயிறுகளில் மூவரும் பழகினார்கள். ஓட்டம் நிற்காமல் கயிற்றின் வளையம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போக வேண்டும். ஹிநோ பின்னாலிருந்து வந்து சேர்ந்ததும், உசுகி விரலை உருவிக்கொண்டு வெளியே விலக வேண்டும். முதல் வாரம் இரண்டு தடவை கயிறு தரையில் விழுந்தது. தமாயோ நின்று, கையை நீட்டியபடி காத்திருந்தாள். கயிற்றைக் கைமாற்றியதும் உசுகி பாக்கி ஓட்டத்தைப் பார்க்க நிற்கமாட்டார். தண்ணீர்க் குடுவைகளை நிரப்பப் போய்விடுவார். பார்த்தால் வயிறெரியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நவம்பர் போட்டியன்று வெயில் மிதமாக இருந்தது, காற்று இல்லை. எல்லோருக்கும் சமமாக இருக்க விதிப்படி கட்டும் கண் மறைப்பைத் தமாயோ தலைக்குப் பின்னால் முடிச்சிட்டாள்.

"உண்மையான நேரம் சொல்லுங்க," என்றாள்.

"சொல்றேன்."

"நல்லா இல்லன்னாலும்."

"சொல்றேன்னு சொன்னேனே."

துப்பாக்கி வெடித்தது. முதல் வட்டம் தொண்ணூற்றாறு. அப்படியே சொன்னார். இரண்டாவது தொண்ணூற்றைந்து. "ஒரு வினாடி வேகம் கூடிப்போச்சு, அமத்து," என்றார். அவள் அமர்த்தினாள். மிச்சம் பிடிக்க வேண்டியதில்லை என்பதால் உசுகி உடம்பில் இருந்ததையெல்லாம் எடுத்துக் கொட்டினார். ஐந்தாவது வட்டத்திலேயே தொடை கல்லாகிவிட்டது. கயிற்றில் தன் கை பிந்துவது அவருக்கே தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கையை மட்டும் முன்னால் வீசினார். அவளுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் இந்த முறை அவள் குறைக்கவில்லை. அதற்காக அவர் மனதுக்குள் அவளுக்கு நன்றி சொன்னார்.

எதிர்ப்பக்க நேர்பாதையில் ஹிநோ காத்திருந்தாள். அவர்கள் நெருங்கியதும் பக்கத்தில் சேர்ந்து ஓடினாள்.

"தொண்ணூத்தாறு, சரியா இருக்கு," என்றார் உசுகி. அதுதான் அவர் சொன்ன கடைசி எண். "மாத்தறோம். போ."

விரலை உருவினார். தமாயோ தலையை மட்டும் ஒரு கணம் அவர் பக்கம் திருப்பினாள். பிறகு போய்விட்டாள்.

புல்தரைக்கு வந்து விழுந்தார். எழுந்து உட்கார்ந்தபோது அவர்கள் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பச்சைச் சட்டை, ஆடும் குதிரைவால் முடி, தரையைத் தட்டித் தட்டி எழும்பும் கால்கள். யாரது இவ்வளவு அழகாக ஓடுவது என்று ஒரு நொடி நினைத்தார். அதற்குப் பிறகுதான் உறைத்தது. ஆறு வருடத்தில் எத்தனை நூறு காலைகள், மழை, பனி, எல்லாவற்றிலும் அவள் பக்கத்தில் ஓடியிருக்கிறார். ஒரு தடவைகூட அவள் ஓடுவதைப் பார்த்ததில்லை. பக்கத்தில் ஓடுகிறவனுக்குத் தெரிவது பாதையும் கடிகாரமும்தான். உசுகி அங்கேயே உட்கார்ந்து அழுதார். துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. வயிறெரியவில்லை, அதுதான் அவருக்கே ஆச்சரியம்.

கடைசி வட்டத்தில் அவள் வேகமெடுத்தாள். இந்த வேகமெல்லாம் ஏப்ரலிலிருந்து அவளுக்குள் சும்மா கிடந்திருக்கிறது என்று நினைக்க நெஞ்சு வலித்தது. கோட்டை அவள் தொட்டாள், ஹிநோ அரை அடி பின்னால் வந்தாள். ஒலிபெருக்கி பத்தொன்பது நிமிடம் ஐம்பத்துமூன்று என்றது. உசுகியின் மணிக்கட்டில் கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த அவர் மறந்திருந்தார்.

மைதானத்தைக் குறுக்கே கடந்து போனபோது தமாயோ தரையில் மல்லாந்து கிடந்தாள். இந்த முறை அவளுக்கு வாயில் பேச்சு வரவில்லை, மூச்சுதான் வந்தது. ஹிநோ தண்ணீர் கொண்டுவரப் போயிருந்தாள். காலடிச் சத்தத்திலேயே தமாயோவுக்கு ஆள் தெரிந்துவிட்டது.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்படி ஓடறேன்?"

என்னென்னவோ சொல்ல வாயெடுத்தார். வந்தது இதுதான்: "வலது தோளத் தூக்கிட்டு ஓடற. கொஞ்சம் இல்ல, நல்லாவே."

அவள் யோசித்தாள். வலது கையைத் தூக்கி, கயிறு பிடிக்கிற மாதிரி காற்றில் வைத்துப் பார்த்தாள்.

"அது உங்க கை இருக்கற உயரம்," என்றாள். "நீங்க நெட்டை. அப்படியே பழகிப்போச்சு."

உசுகி அவள் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தார். ஹிநோ கையில் குடுவையோடு தூரத்தில் வந்துகொண்டிருந்தாள். குள்ளமான பெண், உசுகியின் தோளுக்குத்தான் வருவாள்.

"இறக்கிக்கோ," என்றார். "இன்னும் வேகமா ஓடலாம்."