படிக்கட்டைத் தவிர எல்லாம் உங்களுக்கு

இங்கிலாந்தின் ஸ்கார்பரோ ஊரில் கடலைப் பார்த்த ஒரு மூன்றாம் மாடி வீட்டை நீண்டகாலக் குத்தகையில் வாங்க என் நண்பன் ஹாரஸ் பிளென்கின் துடித்தான். தரகர் காட்டிய வேகமான வக்கீலை விட்டுவிட்டு, ஒரு வரி விடாமல் படிக்கும் மிஸ் திர்க்கெலைப் பிடித்தான்.

வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் இரு தரப்பு வக்கீல்களும் தொலைபேசியில் ஒப்பந்தத்தை உறுதி செய்தாக வேண்டும். தவறினால் வீடு ஒரு லண்டன்காரனுக்குப் போய்விடும். அன்று நானும் ஹாரஸுடன் மிஸ் திர்க்கெலின் அலுவலகத்தில் இருந்தேன். நண்பகல் நெருங்கியது, தொலைபேசி அலறியது. அந்த அம்மாள் பத்திரத்திலிருந்து நிமிரவில்லை.

"சரின்னு சொல்லித் தொலைங்கம்மா! வீடு போகுது!"

"சும்மா இருங்க மிஸ்டர் பிளென்கின். சுவர், ஜன்னல், உள்ளே இருக்கிற காத்து எல்லாம் உங்களுக்குத்தான். படிக்கட்டுல நடக்கிற உரிமை மட்டும் எங்கயும் எழுதல."

"வீட்டை விக்கிற ஆளு இத்தனை வருஷம் பறந்தா போனாரு?"

அதையே மிஸ் திர்க்கெல் தொலைபேசியில் கேட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் இருமினார். "கட்டடத்துக்குச் சொந்தக்காரர்கிட்ட அந்த உரிமையை எழுதி வாங்க மாசக்கணக்காகும். இதையெல்லாம் யாருங்க படிக்கிறா?"

ஹாரஸ் வெளுத்துப்போய் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். மாதா கோயில் மணி அடிக்கத் தொடங்கியது.

"வேணாம்னு சொல்லிடுங்க" என்றான், அழாத குறையாக.

லண்டன்காரன் வாங்கிக் குடியேறினான். அதன் பிறகுதான் அவனுடைய வக்கீல் பத்திரத்தைப் படித்துச் சொன்னாராம். அவனோ சட்டத்துக்கு அஞ்சியவன். உரிமையில்லாத படியில் கால் வைக்க மாட்டான். இன்றுவரை பாலும் ரொட்டியும் கயிற்றுக் கூடையில்தான் மேலே போகின்றன. ஞாயிறுதோறும் ஹாரஸ் கீழே நின்று அவனுக்குக் கையசைக்கிறான். வெறும் மரியாதைக்காகத்தானாம்.