நிமிடத்துக்கு ஒரு முழம்

ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவில் சரித்திர டீச்சர் இடைவிடாமல் பேசினால், நிமிடத்துக்கு ஒரு முழம் வீதம் கடைசி பெஞ்ச் பின்னால் போய்விடும். வெளியிலிருந்து அளந்தால் அறை எப்போதும் இருபத்து நான்கு அடிதான். பியூன் டேப் வைத்து இரண்டு முறை அளந்து தலைமையாசிரியரிடம் எழுதியே கொடுத்திருக்கிறார். தச்சர் வந்து பெஞ்சைத் தரையோடு சேர்த்து ஆணி அடித்துப் பார்த்தார். தரையும் கூடவே போனது. அதற்குமேல் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. மணி அடித்தபின் கடைசி பெஞ்சுக்காரர்கள் நடந்து வரவேண்டும் என்பதால், சாப்பாட்டு இடைவேளையில் அவர்களுக்கு மட்டும் ஐந்து நிமிடம் சேர்த்துக் கொடுத்தார்கள்.

இதற்காக டீச்சரைக் குறை சொல்ல மனசு வராது. பேச்சென்றால் அப்படி ஒரு பேச்சு. கோட்டை முற்றுகையை அவர் சொன்னால் முதல் பெஞ்சில் தொண்டை வறண்டு தண்ணீர் பாட்டிலைத் தேடுவார்கள். கையில் புத்தகம் கிடையாது, ஒரு துண்டு சாக்பீஸ், அவ்வளவுதான். அங்கே படித்தவர்களுக்கு இன்று நினைத்தாலும் அந்தக் குரல் காதில் விழும். ஒரே ஒரு பழக்கம்தான் கெடுதல். கேள்வி கேட்பார், கேட்ட வாய் மூடுவதற்குள் பதிலையும் தானே சொல்லிவிடுவார். "ராஜா ஏன் சமாதானத்துக்கு ஒத்துக்கிட்டான்? களஞ்சியம் காலி, அதான்!" பிள்ளைகள் தலையாட்டுவார்கள். தலையாட்டல் செல்லாது. யாராவது வாய் திறந்து சொந்தமாக ஒரு வார்த்தை சொன்னால் அவர்களுடைய பெஞ்ச் பழைய இடத்துக்கு வந்துவிடும். இது அப்போது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அதுவரை யாரும் சொன்னதில்லை.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தபோது பாடம் பாதிகூட முடியவில்லை. டீச்சர் ஒரு மதியம் முழுவதையும் கேட்டு வாங்கிக்கொண்டு பேச ஆரம்பித்தார். ஊரெல்லாம் காய்ச்சல், கடைசி பெஞ்சில் கண்டக்டர் மகள் மட்டும்தான் இருந்தாள். அவளுடைய அப்பா வாய் திறந்தால் ஓடுகிற பஸ் நிற்கும். அவளுக்கோ பேச்சே வராது என்று ஆசிரியர்கள் எல்லோரும் முடிவுகட்டி விட்டுவிட்டார்கள். மூன்றரை மணிக்கு டீச்சர் நிமிர்ந்து பார்த்தபோது பெஞ்ச் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. பதறிப்போய் அவளைப் பார்த்தே கேட்டார்: "கோட்டைக் கதவைச் சாத்தினப்போ யாருக்கும்மா பயம் அதிகம்? உள்ள இருந்தவங்களுக்கா, வெளிய இருந்தவங்களுக்கா?" அமைதியை அவரால் தாங்க முடியவில்லை. "உள்ள இருந்தவங்களுக்குத்தான்!" என்று சொல்லிவிட்டார். தூரம் இரண்டு மடங்கானது. மறுபடி கேட்டார், மறுபடி தானே சொன்னார். ஏழாவது முறை பெஞ்ச் புள்ளியாகக்கூடத் தெரியவில்லை.

மணி அடித்தது, அவள் வரவில்லை. பியூன் சைக்கிளை வகுப்புக்குள் ஓட்டிக்கொண்டு போனார். முக்கால் மணி நேரம் கழித்து வியர்த்துத் திரும்பிவந்து, தரை போய்க்கொண்டே இருக்கிறது, பஞ்சர் ஒட்டத்தான் கடை இல்லை என்றார். காக்கிச் சட்டையோடு கண்டக்டர் ஓடிவந்து மகளைக் கூப்பிட்டார். அந்தக் குரலே போன இடம் தெரியவில்லை. டீச்சர் கரும்பலகையில் சாய்ந்து அழுதுகொண்டே மறுபடியும் கேள்வியை ஆரம்பித்தார்.

"அவசரப்படாதீங்க டீச்சர்" என்றார் கண்டக்டர். "தண்ணி வேணும்னு கேக்கவே அவளுக்குக் கால் மணி நேரம் ஆகும். நாங்களும் அதுக்குள்ள ஊத்திக் குடுத்துடுவோம்."

டீச்சர் கேள்வியை ஒரே ஒரு முறை கேட்டார். பிறகு சாக்பீஸைப் பல்லால் கடித்துக்கொண்டு முதல் பெஞ்சில் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தார். வீட்டுக்குப் போகவேண்டிய பிள்ளைகள் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இருபத்திரண்டு நிமிடம் ஆனது. பிறகு எங்கிருந்தோ ஒரு சின்னக் குரல் வந்தது.

"கதவுகிட்ட நின்ன காவல்காரனுக்கு, டீச்சர்."

டீச்சருக்குச் சரி என்றோ தப்பு என்றோ சொல்ல நாக்குத் துடித்தது. விழுங்கிக்கொண்டு, "ஏன்?" என்று மட்டும் கேட்டார்.

"ரெண்டு பக்கச் சத்தமும் அவனுக்குத்தானே கேக்கும்."

"சாவியே அவன்கிட்டதான் இருக்கு, அவனுக்கு என்ன பயம்?" என்று இரண்டாம் பெஞ்சிலிருந்து ஒருவன் சண்டைக்கு வந்தான்.

"சாவி இருக்கறதாலதான்" என்றாள் கண்டக்டர் மகள், பக்கத்திலிருந்து. பெஞ்ச் வந்துசேர்ந்து சற்று நேரமாகியிருந்தது. கண்டக்டர் எல்லோர் முன்னாலும் விசும்பி அழுதார்.

மறுநாளிலிருந்து டீச்சர் பன்னிரண்டு நிமிடம் பேசுவார், எட்டு நிமிடம் பேசவிடுவார், மறுபடி பன்னிரண்டு. பேசவிடும் நேரத்தில் சாக்பீஸ் பல்லுக்கிடையில் இருக்கும். முதல் வாரம் அடிதடி என்று நினைத்துக் கணக்கு வாத்தியார் பிரம்போடு ஓடிவந்தார்; வந்தவர் காவல்காரன் பக்கம் சேர்ந்து வாதாடிவிட்டுப் போனார். பாடம் எப்படியோ முடிந்தது. அறை உள்ளேயும் இருபத்து நான்கு அடியிலேயே இருந்தது, இருபத்தாறு வருடம்.

டீச்சர் ஓய்வுபெற்ற அன்று அவரை மேடையில் உட்கார வைத்து மூன்று மணி நேரம் புகழ்ந்தார்கள். மைக்கில் பேசியவர்கள் யாரும் திரும்பி அவரைப் பார்க்கவில்லை. கடைசியாகப் புதுத் தலைமையாசிரியர், "சந்தோஷமா இருக்கீங்களா டீச்சர்? இருப்பீங்க, எங்களுக்குத் தெரியாதா!" என்று சொல்லிவிட்டுப் பரிசைக் கொடுக்கத் திரும்பினார். நாற்காலியைக் காணவில்லை. மேடையின் பின்பாதி அதையும் கூட்டிக்கொண்டு வெகுதூரம் போயிருந்தது.

டூட்டி முடிந்து தோளில் டிக்கெட் பையோடு அப்போதுதான் உள்ளே வந்தாள் கண்டக்டர் மகள். அவளும் இப்போது கண்டக்டர். மைக்கை வாங்கினாள்.

"டீச்சர், அன்னைக்கு ரொம்ப பயந்தது நானா, நீங்களா?"

மைக்கைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். கூட்டமும் உட்கார்ந்தது. பழைய மாணவர்கள் யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"நான்தாம்மா" என்று நெடுந்தூரத்திலிருந்து வந்தது. "இன்னைக்கும் நான்தான்."

"ஏன் டீச்சர்?"

"நாளையிலேருந்து என்கிட்ட யாரு கேள்வி கேப்பாங்க?"

அதற்கு யாரும் அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை. நாற்காலி பழைய இடத்துக்கு வந்திருந்தது. பியூன் அதன் கால்களில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டு, ஆறிப்போன டீயை டீச்சர் கையில் கொடுத்தார்.