கோமதித்தாய் உட்கார்ந்த கதை

1

நேற்று கோமதித்தாய் உட்கார்ந்தபோது தென்காசி ரயில் பாதி வழியில் நின்றுவிட்டது. சங்கரன்கோவில் விசைத்தறிகள் அத்தனையும் ஒரு நொடி மூச்சைப் பிடித்தன. சிவகிரிப் பக்கத்து மலை ஓரடி நகர்ந்து வழிவிட்டது.

"அளக்காதீரும் வே," என்கிறார் முகம்மது ஹுசைன். என்னோடு சங்கரன்கோவில் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். நான் எழுதுவதை எட்டிப் பார்ப்பதும் அதில் ஒரு வரியையும் நம்பாததும் அவருடைய பென்ஷன் கால உத்தியோகம்.

சரி, கதை பிறந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நேற்று கோமதி அம்மன் கோவில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு ஒரு துண்டு எடுக்க ஜவுளிக்கடைக்குப் போனேன். (எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன். பென்ஷன் வக்கீலுக்குக் கட்டாது.) ரயிலும் மலையும் என் கைச்சரக்கு. மற்றதெல்லாம் கண்ணால் கண்டது.

2

முதல் தொடக்கம்: "கனவுகள் சுமந்த கண்களோடு கோமதித்தாய் அந்த மாலை வேளையில்..."

அடித்துவிட்டேன். அவள் கண்ணில் கனவு இல்லை, காலில் வீக்கம் இருந்தது.

இரண்டாவது: "வறுமையிலும் புன்னகை மாறாத..."

இதையும். அடித்த வேகத்தில் காகிதம் கிழிந்துவிட்டது. கோபம் ஐயா, கோபம்.

நேராகவே சொல்கிறேன். கோமதித்தாய் அந்தக் கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்கும்வரை நிற்கிறாள். ஆள் வராத நேரத்திலும் நிற்க வேண்டும். சுவரில் சாய்ந்தால் மேற்பார்வையாளர் மகாராஜன் விரலைச் சொடுக்குவான். உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கடையில் ஸ்டூலும் இருக்கிறது, மாடிக் குடோனில், பாலித்தீன் உறை பிரிக்காமல். தொழிலாளர் துறை அதிகாரி வருகிற அன்று இறங்கும். அவர் தலை மறைந்ததும் ஏறிவிடும்.*

* இதை எழுதுகிறவன் உட்கார்ந்தே சம்பளம் வாங்கி, உட்கார்ந்தே பென்ஷன் வாங்குகிறவன். கோபப்படும்போதும் சாய்வு நாற்காலியில்தான் கோபப்படுகிறான்.

3

அவளுக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது? "புத்தகம் கொடுத்தது" என்று எழுதினால் இலக்கியக் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை நிச்சயம். புத்தகமும் படித்தாள்தான். கடை ஆண்டுவிழாவில் முதலாளியே பெண்களுக்கெல்லாம் ஒரு தன்னம்பிக்கை நூலைப் பரிசளித்தார். முதல் அத்தியாயத்தின் தலைப்பு: நிமிர்ந்து நில்.

"நின்னுக்கிட்டுத்தான இருக்கோம்," என்று அவள் அதை மூடி வைத்துவிட்டாள்.

தைரியம் வந்தது டிவி தொடரிலிருந்து. மூக்கைச் சுளிக்காதீர்கள். கோமதித்தாய் எங்கள் பின்வீட்டில் குடியிருப்பதால் என் மனைவி ஜெயசித்ராவோடு உட்கார்ந்து பார்ப்பாள். அந்தத் தொடரில் கதாநாயகி நின்றபடி அழுவாள். வில்லி ராஜலோசனியோ, சொத்தைப் பறிக்கும்போதும் சரி, பாலில் விஷம் கலக்கும்போதும் சரி, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தே இருப்பாள்.

"பாத்தியளா அக்கா? இவ உக்காந்திருக்கதுனாலதான் எல்லாவனும் பயப்படுதான். நல்லவளுக்கு ஒரு முக்காலி குடுக்க மாட்டேங்கானுவ!"

தொடர்கள் பெண்களைக் கெடுக்கின்றன என்று கட்டுரை எழுதுகிற மேதைகளே, ஒரே ஒரு கட்டுரையை நாள் பூரா நின்றபடி எழுதிவிட்டு வாருங்கள், பேசுவோம்.

4

நேற்று பனவடலிசத்திரத்திலிருந்து ஒரு குடும்பம் கல்யாணப்பட்டு எடுக்க வந்திருந்தது. சேலை மலையாகக் குவிந்தது. கோமதித்தாய்க்குக் கெண்டைக்காலில் நரம்பு சுண்டி இழுத்தது.

"சார், செத்த நேரம் உக்காந்துக்கிடுதேன்."

மகாராஜன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி கல்லாவில் உட்கார்ந்தபடியே சிரித்தார்.

"ஏட்டி, கோமதி அம்மனே ஒத்தக்கால்ல நின்னு தபசு பண்ணுனா. அவ பேர வச்சுக்கிட்டு ஒனக்கு ரெண்டு கால்ல நிக்க வலிக்கோ?"

வருஷா வருஷம் தபசுக்குச் சொல்கிற நகைச்சுவை. கடைப் பெண்கள் சிரிக்க வேண்டியது வழக்கம். கோமதித்தாய் சிரிக்கவில்லை. மாடிக்குப் போனாள். ஒரு ஸ்டூலோடு இறங்கினாள். நடுக்கடையில் போட்டு, பாலித்தீன் சரசரக்க உட்கார்ந்தாள். கால்மேல் கால். புருவம் ஒன்று மட்டும் மேலே ஏறியது, அசல் ராஜலோசனி.

"அம்மன் நின்னா. சாமி வந்து காட்சி குடுத்தாரு, தபசு முடிஞ்சிட்டு. நாங்க வருசக்கணக்கா நிக்கோம். நீங்க எப்பம் மொதலாளி காட்சி குடுப்பிய?"

கடைக்குள் ஒரு லட்சம் பேர் திரும்பிப் பார்த்தார்கள். (நாற்பது பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

"எந்திரிட்டி! இல்லன்னா நாளைக்கு இந்த வாசல மிதிக்காத!"

"இந்தச் சேலைய மடிச்சிட்டு யோசிக்கேன்."

கல்யாணப்பெண்ணின் அம்மா முதலாளி பக்கம் திரும்பினாள். "எய்யா, நாங்க உக்காந்துதான பாக்கோம்? அவ உக்காந்து காட்டுனா பட்டு என்ன நூலாவா மாறிப்போவும்?"

நான் துண்டை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

5

முடிவு அ: முதலாளி மனம் திருந்தினார். (இது கதையில்லை, கடை விளம்பரம்.)

முடிவு ஆ: கோமதித்தாய் வேலை போய், கண்ணீரோடு... மாட்டேன். நல்லவளை நிற்க வைத்து அழவிடுவது டிவிக்காரன் வேலை.

இன்று காலை அவள் வழக்கம்போல் சோற்றுத் தூக்கோடு வேலைக்குக் கிளம்பியதைப் பார்த்தேன். உள்ளே விட்டார்களா, தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன். உங்கள் வீட்டுப் பெண் எந்தக் கடையில் நிற்கிறாளோ, அந்தக் கடையைப் பார்த்து முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

"தெரியாதுன்னு நீரே சொல்லுதீரு. அவ உக்காந்ததே பொய்யி," என்றார் ஹுசைன். "நாக்கூசாம எழுதுதீரே வே! போய்ப் பாத்துட்டு வந்து உம்ம கதையக் கிழிக்கேன்."

குடையை விரித்துக்கொண்டு போனார். மத்தியானம் திரும்பி வந்தவர் குடையை மடக்கி மூலையில் சாய்த்தார்.

"உள்ள போனேன்," என்றார். "சேலைப் பக்கம் பூரா ஸ்டூலு. அவ கால்மேல கால் போட்டுக்கிட்டு, 'வாங்க பாய், என்ன பாக்கணும்?'னு கேக்கா. எந்திரிக்கல வே. எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துட்டு. 'கஸ்டமர் வந்திருக்கேன், எந்திரிக்க மாட்டியோ'ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு."

தலையைக் குனிந்துகொண்டார்.

"ஸ்டூலப் பாத்தப்போ அதிகாரி வந்திருக்காருன்னுதான் நெனச்சேன். அந்தக் கோவம் வந்த பொறவுதான் நம்புனேன். நடந்திருக்கு வே."