அத்தான் சரிசெய்த உறுமல்

வண்டு தன் மேல் நம்பிக்கை இழந்த நாள் என்று ஒன்று இருந்ததாக அவளுடைய அக்காவுக்கே ஞாபகம் இல்லை. பத்து வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டி கிழிந்தபோதும் "ரோடு சரியில்லை" என்றுதான் சொன்னாள். இப்போது வயது முப்பத்தாறு. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிறாள். சாயங்காலம் ஆறு மணியானால் அக்கா வீட்டு மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே ஒலியை ஒரு மணி நேரம் வாசிக்கிறாள். அதைக் கேட்டுத்தான் அக்கா அவளுக்கு வண்டு என்று பெயர் வைத்தாள். வண்டுக்கு அதில் கோபம் இல்லை, பெருமைதான்.

அவள் வாசிப்பதில் பாட்டும் கிடையாது, தாளமும் கிடையாது. கிட்டார் கம்பியை ஒரு முறை மீட்டிவிட்டுக் காலடியில் இருக்கும், ஒலியைப் பிடித்துவைக்கும் லூப் பெடலை மிதிப்பாள். அந்த ஒலி சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் வேறொன்று. பக்கத்தில், பழைய சாமான் கடையில் உடைத்துப் போட இருந்த ஒரு மின்சார ஆர்கன். உள்ளே மோட்டார் விசிறியைச் சுற்றும், விசிறி காற்றை ஊதும், காற்று பித்தளை நாக்குகளை அதிரவைக்கும். கட்டைகளின் மேல் தீர்ந்துபோன பேட்டரிகளை நிறுத்தி வைத்துவிட்டால் போதும், கை படாமலே அது ஒலித்துக்கொண்டிருக்கும்.

ஆனால் அந்த ஆர்கனின் உயிர் அதன் நாக்குகளில் இல்லை. மோட்டார் ஒரு உறுமல் உறுமும். அது எந்தக் கட்டையோடும் சேராது, இரண்டு கட்டைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு குறிப்பிட்ட கட்டையை அழுத்தினால் அந்த ஒலியும் உறுமலும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நொடிக்கு இரண்டு அலையாக எழும்பி அடங்கும். வண்டு அந்த அலைக்காகத்தான் கிட்டாரின் ஆறு கம்பிகளையும் உறுமலுக்குச் சேர்த்து வைத்திருந்தாள். நாற்பது நிமிடப் படைப்பு முழுக்க அந்த அலையின் மேல்தான் நின்றது.

இதெல்லாம் அத்தானுக்குத் தெரியாது. அத்தான், அதாவது அக்கா புருஷன், பிரிட்ஜ் மெக்கானிக். தங்கமான மனிதர். தினமும் ஏழு மணிக்கு மாடிப்படியில் நின்று குரல் கொடுப்பார்.

"வண்டு, முடிஞ்சிருச்சாம்மா?"

மூன்று வருடமாக இதே கேள்வி. அதில் கிண்டலே கிடையாது, உண்மையான கவலை. ஓடும் இயந்திரம் ஒன்று சத்தம் போட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

இந்த முறை வெளியே வாசிக்க நூலகத்துச் சின்ன அரங்கம் கிடைத்திருந்தது. சனிக்கிழமை மாலை நான்கு மணி. நூலகர் அம்மாள் கண்டிப்பானவர். "நாற்பது நிமிஷம் முடியும்போது பாதி நாற்காலியாவது நிறைஞ்சிருக்கணும். இருந்தா மாசாமாசம் ஹால் உங்களுக்கு. இல்லைன்னா இதோட சரி" என்று சொல்லிவிட்டார். வண்டு உடனே சம்மதித்தாள். இதற்கு முன் ஒரே ஒரு முறைதான் வெளியே வாசித்திருக்கிறாள், ஒரு காபிக் கடையில். ஸ்பீக்கர் பழுதாகிவிட்டது என்று நினைத்துக் கடைக்காரர் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். அந்த ஊரில் அவளுக்கு வேறு இடம் இல்லை, இதுவும் போனால் மாடி அறைதான்.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். ஆர்கன் கீழே கூடத்துக்கு வந்திருந்தது. பக்கத்தில் அத்தான், முகமெல்லாம் சிரிப்பு.

"சுவிட்சப் போடு" என்றார்.

போட்டாள். விசிறி சுற்றியது, காற்று ஊதியது. உறுமலைக் காணோம்.

"நேத்து ராத்திரியே பின்பக்கம் கழட்டிட்டேன். மோட்டார் தகடெல்லாம் லூசா இருந்துச்சும்மா. இறுக்கி, வார்னிஷ் ஊத்தி, அடியில ரப்பர் வச்சுட்டேன். நாலு பேர் முன்னாடி அது உறுமுனா உனக்குத்தான மானக்கேடு?"

வண்டு அந்தக் குறிப்பிட்ட கட்டையை அழுத்திப் பார்த்தாள். சுத்தமான, செத்துப்போன ஒரு ஒலி வந்தது. அலை இல்லை.

"அத்தான், அந்த உறுமல்தான் என் பாட்டு."

அவர் முகத்தில் சிரிப்பு மெல்ல இறங்கியது. "நான் கெடுத்துட்டேனா?"

"கெடுத்துட்டீங்க. திரும்ப லூசாக்க முடியுமா?"

"வார்னிஷ் காஞ்சு இறுகிப்போச்சும்மா. இனி உடைச்சாத்தான் உண்டு."

சமையலறையிலிருந்து அக்கா எட்டிப்பார்த்தாள். "நீங்க எதுல மூக்கை நுழைச்சாலும் இப்படித்தான்!" அத்தான் ஆர்கனுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். வீடு அமைதியாக இருந்ததால் அக்காவின் பிரிட்ஜ் ஓடும் சத்தம் கூடம் வரை கேட்டது. வண்டு தலையைத் திருப்பினாள். கட்டையை மறுபடி அழுத்திக்கொண்டே சமையலறைப் பக்கம் காதைக் கொடுத்தாள். மிக லேசாக, நொடிக்கு இரண்டு அலை.

"அத்தான், உங்க பிரிட்ஜும் அதே சுதியில உறுமுது!"

"அதுல என்ன அதிசயம்? ஒரே கரண்ட்ல ஓடுறதெல்லாம் ஒரே மாதிரிதான் உறுமும். முப்பது வருஷமா கேக்குறேன்."

"அப்போ உங்க கடையில இருக்கிறதுலயே ரொம்ப மோசமா உறுமுற பிரிட்ஜ் எது?"

அத்தான் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தொழிலுக்கு வந்த நாள் முதல் யாரும் அவரிடம் இப்படி ஒரு பிரிட்ஜ் கேட்டதில்லை. "ஒரு கிழவன் இருக்கான்" என்று எழுந்தார். "நானே கைகழுவி விட்டவன்."

மூன்றரை மணிக்கு மேடையில் ஆர்கனுக்குப் பக்கத்தில் துருப்பிடித்த பிரிட்ஜ் ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. குளிர்ந்ததும் தானாக நின்றுவிடாதபடி அத்தான் வயரை நேராகக் கொடுத்திருந்தார். "ஆனா சூடேறினா நின்னுரும், அதுக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். நான்கு மணிக்கு முப்பது நாற்காலியில் இருபத்திரண்டு பேர். நிகழ்ச்சி முடிந்ததும் குளிர்பானம் தருவார்கள் என்று முன்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளிடம் நம்பிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தான் கடைசி வரிசை ஓரத்தில், குற்றவாளி மாதிரி உட்கார்ந்தார்.

வண்டு கிட்டாரைப் பிரிட்ஜின் முதுகில் உறுமிக்கொண்டிருந்த கம்ப்ரசரின் அருகே கொண்டுபோனாள். கிட்டாரின் காந்தச் சுருள் அந்த உறுமலை அப்படியே பிடித்து ஸ்பீக்கரில் கொட்டியது. பெடலை மிதித்தாள். பேட்டரியை எடுத்துக் கட்டையின் மேல் வைத்தாள். அலை எழுந்தது, நாற்காலிகளின் கால்களில் அதிர்ந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் சந்தோஷம்.

பத்து நிமிடத்தில் மூன்று பேர் எழுந்து போனார்கள். குளிர்பானக்காரர் போகவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். இருபதாவது நிமிடத்தில் இன்னும் இரண்டு பேர் போனார்கள். வண்டு வாசலைப் பார்க்கவே இல்லை.

முப்பத்தோராவது நிமிடத்தில் கிழவன் ஒரு உதறு உதறி நின்றான். அரங்கத்தில் அது ஒரே ஒருவருக்குத்தான் கேட்டது. அத்தான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். எழுந்தவர் அப்படியே நின்றார். பிரிட்ஜ் நின்றுபோயிருந்தது, உறுமல் மட்டும் நிற்கவில்லை. மேடையிலிருந்து வண்டு அவரைப் பார்த்துத் தன் காலடியைக் காட்டினாள். முதல் நிமிடமே பிடித்துவைத்த உறுமல் பெடலுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் மெல்ல உட்கார்ந்தார். பழுதாகக்கூடிய இயந்திரம் ஏதும் அந்தச் சத்தத்துக்குப் பின்னால் இல்லை என்றதும் அவருக்குச் சும்மா கேட்பதைத் தவிர வேறு வேலை இல்லாமல் போயிற்று. கொஞ்ச நேரத்தில் அவருடைய விரல் முழங்காலில் தட்ட ஆரம்பித்தது. நொடிக்கு இரண்டு.

நாற்பதாவது நிமிடத்தில் வண்டு பேட்டரிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். கடைசியாகப் பெடலை மிதித்தாள். பதினேழு பேர் இருந்தார்கள். நூலகர் அம்மாள் எண்ணி முடித்து, கறாராகத் தலையை ஒரு முறை ஆட்டினார். மற்ற யாரும் அசையவில்லை, கைதட்டவும் இல்லை. அந்த மௌனத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏம்மா நிறுத்திட்ட?"